கலர் ஏற்றாத காது

என்னிடம் ஃபோட்டோ சரிசெய்யக் கொண்டுவருபவர்கள் ஆளுக்கு ஆள் வேறு. கேட்பது மட்டும் ஒன்றுதான். "கொஞ்சம் கலர் ஏத்திக் குடும்மா."

கலர் ஏற்றுவது என்றால் கடலை இன்னும் நீலமாக்குவது, செடியை இன்னும் பச்சையாக்குவது என்று ஆரம்பத்தில் நானும் நினைத்தேன். எங்கள் செங்கல்பட்டில் அதெல்லாம் கலர் இல்லை. வெள்ளைதான் கலர். "பொண்ணு கலரா இருக்கும்" என்று ஒருவர் சொன்னால், எந்தக் கலர் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. நான் கலர் இல்லை. மரியாதை தெரிந்தவர்கள் என்னை மாநிறம் என்பார்கள். எங்கள் வீட்டுக் கண்ணாடிக்கு அந்த மரியாதை தெரியாது. நான் நல்ல கறுப்பு. இதைச் சொல்லி அழுவதற்காக எழுதவில்லை. கடுப்பு தீர எழுதுகிறேன், அவ்வளவுதான்.

படூரில் ஒரு கல்லூரியின் கணக்குப் பிரிவில் எனக்கு வேலை. செங்கல்பட்டில் பஸ் ஏறி, திருப்போரூர் வழியாகப் போய், கேளம்பாக்கத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ பிடித்துப் போகிறவள். கூட வேலை பார்த்த ஒருவர் வெளிநாடு கிளம்பும்போது தன் கேமராவை விற்றார். யார் வாங்குவது என்று எல்லோரும் யோசித்துக்கொண்டிருந்தபோது நான் வாங்கிவிட்டேன். ஏன் வாங்கினேன் என்று இன்றுவரை அம்மாவுக்குப் புரியவில்லை. நகை வாங்கியிருந்தால் புரிந்திருக்கும்.

முதலில் கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தேன். பஸ் ஜன்னல், கொளவாய் ஏரியில் நிற்கும் நாரை, மாமல்லபுரத்தில் கல் சிற்பம் விற்கிற கடைகள். சொந்தக்காரர்களையும் எடுத்தேன். அங்கேதான் வம்பு ஆரம்பித்தது. எங்கள் சனத்தை வானத்துக்கு முன்னால் நிறுத்தி எடுத்தால் எல்லோரும் கரிக்கட்டையாக வந்தோம். ஃபிளாஷ் போட்டு எடுத்தால் சாம்பல் பூசின மாதிரி வந்தோம். "கேமரா நல்ல கேமராதான், நாமதான் சரியில்ல" என்று மாமா ஒருவர் சொல்லிச் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது எப்படி ஒரு கருவிக்கு நாம் சரியில்லாமல் போவோம்?

உட்கார்ந்து படித்தேன். வீடியோ பார்த்தேன். தப்புத் தப்பாக எடுத்து எடுத்துக் கற்றேன். கேமராவுக்கு மனிதர்கள் தெரியாது, வெளிச்சம் மட்டும்தான் தெரியும். பின்னால் வானம் வெள்ளையாக இருந்தால் அது பயந்துபோய் எல்லாவற்றையும் இருட்டாக்கிவிடும், அதில் நம் முகமும் போய்விடும். வானத்தை விட்டுவிட்டு, கன்னத்தின் மேல் விழும் வெளிச்சத்தை மட்டும் அளக்கச் சொல்ல வேண்டும். உச்சி வெயிலில் எடுக்கக் கூடாது. எங்கள் கடற்கரையில் சூரியன் கடலிலிருந்து எழுந்து ஊர்ப்பக்கம் விழும். அது சவுக்குத் தோப்புக்குப் பின்னால் இறங்கினதும் கடல் பக்கத்து வானத்திலிருந்து ஒரு மெத்தென்ற வெளிச்சம் வரும். அந்த வெளிச்சத்தில் கறுப்புத் தோலைப் பார்க்க வேண்டுமே! கன்னத்து எலும்பில் வானம் லேசாக நீலமாகத் தெரியும், கழுத்தில் செம்பு ஓடும். சிவப்பாக இருப்பவர்களின் தோலில் அது வராது. வரவே வராது. அதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு வந்த சந்தோஷத்தை யாரிடம் சொல்வது என்று தெரியாமல் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன்.

எடுத்த பிறகு லேப்டாப்பில் போட்டு உட்காருவதுதான் எனக்கு இன்னும் பெரிய ருசி. கேமராவிலிருந்து வரும் அசல் ஃபைலை அப்படியே வைத்துக்கொண்டு, அதன் பிரதியில்தான் கை வைப்பேன். அசலை எந்தக் காலத்திலும் அழிப்பதில்லை. நிழலைக் கொஞ்சம் திறந்துவிடுவேன், வானத்தைக் கொஞ்சம் அடக்குவேன், கண்ணில் இருக்கும் வெளிச்சத்தை எடுத்துக் காட்டுவேன். அம்மா பின்னால் நின்று பார்த்துவிட்டு, "இன்னாடி, மூஞ்சிய உட்டுட்டு மத்ததெல்லாம் தொடச்சிகினு கீற?" என்பாள். மூஞ்சியில் துடைக்க என்ன இருக்கிறது என்று நான் கேட்பேன். அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள்.

எங்கள் அடுத்த தெருவில் கல்யாணத் தரகு பார்க்கும் ஒரு ஆண்ட்டி இருக்கிறார். இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் பாதிக்கு ஜாதகமும் ஃபோட்டோவும் அவர் போனில்தான் இருக்கும். நான் ஃபோட்டோ எடிட் பண்ணுவேன் என்று தெரிந்ததும் வந்துவிட்டார். பையன்கள் அனுப்பும் ஃபோட்டோ எல்லாமே ஒரே தினுசு. எவன் கல்யாணத்திலோ எடுத்தது, கறுப்புக் கண்ணாடி, தோள்மேல் ஒரு நண்பனின் கை. அந்தக் கையை வெட்டி, தோளைச் சரிக்கட்டி, பின்னால் வெள்ளைச் சுவர் வைத்துக் கொடுப்பேன். கடைசியாகக் கலர். "உனக்கு ஒரு நல்ல எடமா நான் பாக்கறேன், கவலைப்படாத" என்பார் ஆண்ட்டி. நான் கவலைப்பட்டதாகச் சொன்னதே இல்லை.

நீ மட்டும் யோக்கியமா, நீயும்தானே வெள்ளையடிக்கிறாய் என்று கேட்பீர்கள். அடித்தேன்தான். நான் மாட்டேன் என்றால் பஜாரில் இருக்கும் ஸ்டுடியோவில் சுண்ணாம்பு அடித்தே கொடுப்பார்கள். என்னிடம் வந்தால் ஆளாவது அடையாளம் தெரியும். அப்போது எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அப்படி வந்ததில் ஒரு ஃபோட்டோ. ஏதோ ஏரிக்கரை, கையில் டீ கிளாஸ், நேரே முகத்தில் அடிக்கும் வெயில். எடுக்கிறவன் ஏதோ சொல்லியிருக்க வேண்டும், இவர் கண்ணை இடுக்கிக்கொண்டு வாய்விட்டுச் சிரிக்கிறார். நல்ல கறுப்பு. முன்பல் ஒன்று லேசாக ஏறியிருக்கிறது. எடுத்தவனுக்கு ஃபோட்டோகிராஃபி ஒரு மண்ணும் தெரியாது, ஆனாலும் ஃபோட்டோ உயிரோடு இருந்தது. "டீயைத் தூக்கிடு, கரையைத் தூக்கிடு, மூஞ்சிய மட்டும் வெளிச்சமா பண்ணிடு" என்றார் ஆண்ட்டி. நான் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவசரமாகச் செய்து அனுப்பினேன். அசலை வழக்கம்போல எடுத்து வைத்தேன். அதற்கப்புறம் ஒன்றிரண்டு தடவை அதைத் திறந்து பார்த்தேன். சும்மாதான்.

சில மாதம் கழித்து ஒரு சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மா போனை நீட்டினாள். "தரகு அக்கா அனுப்பிச்சிது. அச்சரப்பாக்கத்துக்காரங்க. பையன் கேளம்பாக்கத்துல கம்ப்யூட்டர் வேலை. பாரு."

பார்த்தேன். வெள்ளைச் சுவர். வெளிச்சமான முகம். ஒரு காது மட்டும் கறுப்பாக இருந்தது.

அந்த ஏரிக்கரைக்காரர்தான். அன்றைக்கு அவசரத்தில் நான் காதை விட்டிருக்கிறேன். முகம், கழுத்து எல்லாவற்றுக்கும் பிரஷ் ஓட்டியவள், ஓரத்தில் இருந்த காதை மறந்துவிட்டேன். முகம் ஒருவருடையது, காது ஒருவருடையது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மா உடனே அப்பாவைக் கூப்பிட்டு, "இங்க வாங்க, உங்க பொண்ணுக்கு வெக்கம் வந்துடுச்சு" என்றாள். கம்பெனி வேன் ஓட்டிவிட்டுக் களைத்து வந்து படுத்திருந்த அப்பாவும் எழுந்து வந்து பார்த்தார்.

இதற்கு முன்னால் வந்த இடங்களுக்கெல்லாம் வேண்டாம், பார்க்கலாம், அப்புறம் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அன்று சரி என்றேன். வெள்ளைச் சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை. ஏரிக்கரையில் சிரித்தவரைப் பார்த்துச் சொன்னேன். அவர் நிஜத்தில் எப்படி இருப்பார் என்று எனக்குத் தெரியும். அவருக்குக் கலர் ஏற்றியது யார் என்றும் தெரியும். இவ்வளவு தெரிந்த ஒருத்தி சரி என்று சொல்கிறாள் என்றால், அவரும் என்னைப் பார்த்து அப்படிச் சொல்வாரா? எனக்கு அது ஒன்றுதான் தெரிய வேண்டியிருந்தது. அதனால் ஒரு நிபந்தனை போட்டேன். என் ஃபோட்டோவை நான்தான் எடுப்பேன். அதை அப்படியே அனுப்ப வேண்டும். ஒரு புள்ளிகூட மாற்றக் கூடாது. அம்மா தலையை ஆட்டினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டிரைபாடைத் தூக்கிக்கொண்டு திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போய், அங்கிருந்து புலிக்குகைக்குப் போனேன். அதற்குப் பின்னால் கடலை ஒட்டி ஒரு பாறை இருக்கிறது, கூட்டம் அவ்வளவாக வராது. மஞ்சள் காட்டன் புடவை கட்டியிருந்தேன். கறுப்பாக இருப்பவர்கள் மஞ்சள் கட்டக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்திருக்கிறார்கள், அதனாலேயே கட்டினேன். பாறையில் சாய்ந்து நின்று, போனிலிருந்தே கேமராவை இயக்கும் ஆப்பைத் தட்டித் தட்டி என்னையே எடுத்தேன். கொஞ்ச தூரத்தில் வலையை உதறிக்கொண்டிருந்த ஒரு அண்ணன் ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"இன்னாம்மா, எதிர்ல ஆளே இல்ல. யாரைப் பாத்து சிரிச்சிகினு கீற?"

"என்னையே நான் எடுத்துக்கறேண்ணா."

"எடு எடு. உன்னை நீ எடுக்காம வேற எவன் எடுப்பான்?"

அவர் கிண்டலாகத்தான் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். அந்தச் சிரிப்பு முடிகிற இடத்தில் ஒரு தட்டு தட்டினேன். அதுதான் அந்த ஃபோட்டோ. சூரியன் தோப்புக்குப் பின்னால் போயிருந்தது, என் கன்னத்தில் வானம் இருந்தது, பின்னால் பாறை தன் பாட்டுக்கு நின்றது. அதில் நான் அழகாக இருந்தேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை, எடுத்தவளும் நான்தான். வீட்டுக்கு வந்து அம்மா போனுக்கு அனுப்பினேன். அம்மா பெரிதாக்கிப் பார்த்தாள், சின்னதாக்கிப் பார்த்தாள். "நல்லாத்தான் கீது" என்றாள். அந்தக் குரலை நான் கவனித்திருக்க வேண்டும்.

அவர்கள் வந்தார்கள். அவர், அவருடைய அம்மா, கூட ஆண்ட்டி. கேசரி, பஜ்ஜி எல்லாம் ஆயிற்று. நான் காபி கொண்டுபோய்க் கொடுத்தேன். அவருடைய அம்மா கையில் இருந்த போனைப் பார்ப்பதும் என்னைப் பார்ப்பதுமாக இருந்தார். பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகர் பாஸையும் மூஞ்சியையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார் பாருங்கள், அந்தப் பார்வை. எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. என் ஃபோட்டோதானே, நன்றாகப் பார்க்கட்டும் என்று நிமிர்ந்தே நின்றேன்.

"பொண்ணு வெயில்ல நெறைய அலையுதோ?"

"ஆமாங்க, காலேஜுக்கு பஸ்ல போய்ட்டு வருது. கல்யாணம் ஆனா தெளிஞ்சிடும்" என்றாள் அம்மா.

தெளிவதற்கு நான் என்ன கலங்கின தண்ணியா? வாய் வரைக்கும் வந்துவிட்டது. அவர் தலையைக் குனிந்தபடி பஜ்ஜியைப் பிய்த்துக்கொண்டிருந்தார். நேரில் அவர் அப்படியே ஏரிக்கரை ஃபோட்டோதான். அந்தக் கறுப்பு, அந்த ஏறின பல். இரண்டு காதும் முகத்தோடு ஒத்துப்போனது. எனக்கு உள்ளுக்குள் ஒரு குதூகலம். "பசங்க ரெண்டு பேரும் தனியா பேசட்டுமே" என்று ஆண்ட்டி சொன்னதும் மொட்டை மாடிக்குப் போனோம்.

துணி காய்ந்துகொண்டிருந்தது. தூரத்தில் ஏரியின் ஒரு ஓரம் மினுங்கியது. அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏரியைப் பார்த்தபடியே பேசினார்.

"தப்பா எடுத்துக்காதீங்க. ஃபோட்டோல நீங்க வேற மாதிரி இருந்தீங்க."

"எந்த ஃபோட்டோல?"

போனை நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். என் மஞ்சள் புடவை, என் பாறை, நான் வைத்த இடத்தில் கடல். நடுவில் யாரோ ஒருத்தி. கண் பெரிதாக, தாடை கூராக, மூக்கு ஒட்டி, பால்பவுடர் கொட்டின மாதிரி ஒரு முகம். என் முகத்தைப் பார்த்துக் கோபம் வருவதற்கு முன்னால், சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பாறையைப் பார்த்துத்தான் வந்தது. தாடையைக் குறுக்கும்போது ஏதோ ஒரு அழகாக்கும் ஆப் பின்னால் இருந்த பாறையையும் சேர்த்து இழுத்திருக்கிறது. பல்லவர் காலத்துக்கு முன்னாலிருந்து அசையாமல் நிற்கும் பாறை, என் கன்னத்தை ஒல்லியாக்குவதற்காக வளைந்து போயிருந்தது. யார் செய்திருப்பார்கள் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. கீழே அம்மா இன்னும் கேசரி பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"இது நான் எடுத்த ஃபோட்டோ. ஆனா இது நான் இல்ல" என்றேன். "வீட்டுல ஆப்ல போட்டுக் கெடுத்துட்டாங்க. எனக்கு நிஜமா தெரியாது. சாரி. நான் அனுப்பச் சொன்னது இது." என் போனில் அசலைக் காட்டினேன்.

அவர் நன்றாகவே பார்த்தார். "சூப்பரா எடுத்திருக்கீங்க. லைட்டிங் செமயா இருக்கு" என்றார்.

லைட்டிங்! சரி, ஆரம்பம் அப்படித்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். எனக்குத் தைரியம் வந்துவிட்டது. "உங்களோடதும் ஒண்ணு என்கிட்ட இருக்கு" என்று சொல்லி, ஏரிக்கரை ஃபோட்டோவைத் திறந்து நீட்டினேன்.

"ஐயய்யோ! இது எப்படிங்க உங்ககிட்ட?"

"உங்களுக்குக் கலர் ஏத்தினதே நான்தான். ஆண்ட்டி கொடுத்தாங்க. அதுலயும் பாருங்க, காதை மறந்துட்டேன்." இரண்டு ஃபோட்டோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். அவர் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, தன் காதையே ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். ஏரிக்கரையில் சிரித்த அதே சிரிப்பு, கண்ணை இடுக்கிக்கொண்டு. அதற்குள் என் மனசு எங்கெங்கோ போய்விட்டது. இந்த ஆளைப் புலிக்குகைக்கு அழைத்துக்கொண்டு போய், சாயங்கால வெளிச்சத்தில் நிறுத்தி எடுத்தால் எப்படி இருக்கும் என்று பார்த்தே விட்டேன்.

"எனக்கு இந்த ஃபோட்டோதான் பிடிச்சது" என்றேன். "இதைப் பாத்துட்டுத்தான் வரச் சொன்னேன்."

எந்தப் பெண்ணும் பெண் பார்க்க வந்தவனிடம் இப்படிச் சொல்லியிருக்க மாட்டாள். நான் சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்தினார்.

"உங்களைப் புடிக்கலன்னு இல்லைங்க. நல்லா பேசறீங்க. ஆனா நானே இந்தக் கலரு. நீங்களும் இப்படி இருந்தா... நாளைக்கு பொண்ணு பொறந்தா பாவம் இல்லையா?"

எனக்கு முதலில் காதில் விழுந்ததே புரியவில்லை.

"உங்க ஃபோட்டோவும் பொய்தானே?"

"ஆம்பளைக்கு அதெல்லாம் யாருங்க பாக்கறாங்க?"

"யாரும் பாக்கலன்னா எதுக்கு ஏத்தச் சொன்னீங்க?"

"அது அம்மாதான்..." என்று இழுத்தார். பிறகு மணி பார்த்தார்.

இவ்வளவு நேரம் அவர் என்று எழுதிக்கொண்டு வந்தேன். இனிமேல் என்னால் முடியாது. அவன் சத்தமாகப் பேசவில்லை, கேவலமாக ஒன்றும் சொல்லவில்லை, முகத்தை வருத்தமாகத்தான் வைத்துக்கொண்டிருந்தான். திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். கறுப்பி, கரிச்சட்டி எல்லாம் பள்ளிக்கூடத்திலேயே கேட்டு முடித்தவள் நான், அதற்கெல்லாம் என் வாயிலும் சரக்கு இருக்கிறது. அவனோ இன்னும் பிறக்காத ஒரு பெண்ணுக்காகப் பரிதாபப்பட்டான். அவள் எப்படி இருப்பாள்? என்னை மாதிரி இருப்பாள். அதுதான் பாவமாம். இத்தனை வருஷம் இந்தத் தோலுக்குள் இருந்தவள், ஒரு நாள்கூட என்னைப் பாவம் என்று நினைத்ததில்லை. அந்த மாடியில் நின்று அதையும் நினைக்க வைத்துவிட்டான்.

"போய் சொல்லி அனுப்பறோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். சொல்லி அனுப்பவில்லை. அனுப்ப மாட்டார்கள் என்பது தட்டில் மிச்சம் வைத்த கேசரியிலேயே தெரிந்தது.

வாசல் கதவைச் சாத்தினதும் நான் அம்மாவைப் பிடித்துக்கொண்டேன். யாரைக் கேட்டுச் செய்தாய், நான் என்ன சொன்னேன், என் ஃபோட்டோவில் கை வைக்க உனக்கு என்ன உரிமை என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்கள், கேட்பதற்காக. அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா தட்டுகளை அடுக்கிக்கொண்டே இருந்தாள். தரகு ஆண்ட்டிதான் அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தாராம், ஒரு விரலால் தள்ளினால் போதுமாம்.

"அப்டியே அனுப்பிச்சிருந்தா அவன் வாசப்படி ஏறியிருப்பானா? நான் பண்ணதாலதான் வந்தான்."

"வந்து இன்னா கிழிச்சான்? என் மூஞ்சி உனக்கே புடிக்கலன்னா, வர்றவனுக்கு எப்படிம்மா புடிக்கும்?"

அம்மா தட்டைக் கீழே வைத்தாள். "உன் மூஞ்சி எனக்குப் புடிக்காதா? பாவி, அது என் மூஞ்சிடி! நல்லாப் பாரு. கன்னம், மூக்கு, கலரு, எல்லாம் எங்கிட்டருந்து வாங்கிகினு வந்ததுதானே. அதைத் தொடச்சி அனுப்பிச்சேனே, எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனச்சியா நீ?" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள். நான் அவளைக் கட்டிக்கொள்ளவில்லை. கோபம் இருந்தது. அழுகையைக் கேட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். அந்த வாரம் முழுக்க ஒருவரோடு ஒருவர் சரியாகப் பேசவில்லை.

கேமராவைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டேன் என்று எழுதினால் கேட்க நன்றாக இருக்கும். வைக்கவில்லை. அடுத்த ஞாயிறே மாமல்லபுரம் போனேன். யாரோ வீணாய்ப்போனவனுக்காக நான் எதற்கு என் சாயங்காலத்தை விட வேண்டும்? ஆனால் புலிக்குகைப் பக்கம் போகவில்லை. கட்டுமரம், நாய், ஐஸ் வண்டி என்று எதையோ எடுத்துக்கொண்டு திரும்பினேன். வீட்டில் உட்கார்ந்து அவற்றைச் சரிசெய்யும்போது, கை ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒவ்வொரு தடவையும் அந்த ஏரிக்கரை ஃபோட்டோ இருக்கும் ஃபோல்டரைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. அசலை அழிப்பதில்லை என்று எனக்கு ஒரு கொள்கை இருந்ததே, அதன்மேல் எரிச்சலாக வந்தது. எல்லாவற்றையும்விட எரிச்சல் என்னவென்றால், எனக்கு அந்தச் சிரிப்பு இன்னமும் பிடித்திருந்தது.

போன மாதம் தரகு ஆண்ட்டி வந்தார். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தண்ணி வாங்கிக் குடித்தார், வெயிலைத் திட்டினார், உள்ளே இருந்த அம்மாவிடம் தக்காளி விலை பேசினார். பிறகு என் பக்கம் திரும்பிப் போனை எடுத்தார்.

"ஒரு சின்ன வேலைம்மா. அந்த அச்சரப்பாக்கத்துப் பையனுக்கு வேற எடம் ஒண்ணு வந்துகினு கீது. பொண்ணு நல்ல கலரு. போட்டோல காது மட்டும் கறுப்பா கீதாம். அதை மட்டும் சரி பண்ணிக் குடுத்துடு."

"காது கறுப்பா இருக்குன்னு யார் சொன்னாங்க?"

"பையனேதான் சொன்னாரு. 'அவங்களுக்கே தெரியும், அவங்ககிட்டயே குடுங்க'ன்னாரு."

உள்ளே அம்மா பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது.

மாடியில் நின்று நான் அவனிடம் எவ்வளவோ பேசினேன். என் அசல் முகத்தைக் காட்டினேன். அவன் அசல் முகத்தைப் பிடித்திருக்கிறது என்று வெட்கத்தை விட்டுச் சொன்னேன். அத்தனையிலும் அவன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனது அந்தக் காதை மட்டும்தான்.

போனை வாங்கினேன். திரை முழுக்கக் காது வரும்வரை பெரிதாக்கினேன். ஏரிக்கரை வெயில் அதில் அப்படியே இருந்தது. நான் கை வைக்காமல் விட்டது அது ஒன்றுதான். இரண்டு நிமிஷ வேலை. பிரஷை எடுத்து ஒரு தேய்ப்பு தேய்த்தால் முடிந்துவிடும், அங்கே ஒரு கலரான பெண் சரி என்பாள்.

போனைத் திருப்பி ஆண்ட்டி கையில் கொடுத்தேன்.

"காது சரியாத்தான் இருக்கு ஆண்ட்டி. மூஞ்சிதான் தப்பு" என்றேன்.